ஊதாவுக்கு அப்பால்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். துவைத்தது எதுவும் காயவில்லை.

பிளஸ் டூவுக்கு மின்காந்த அலைகள். கடைசி பெஞ்சு நிவேதா கேட்டாள்: "மிஸ், தண்ணி அலையில தண்ணி அசையுது. ஒளியில எது அசையுது?" மின்புலமும் காந்தப்புலமும், ஒன்றுக்கொன்று செங்குத்தாக. போர்டில் வரைந்தேன். ஊடகமே வேண்டாம், வெற்றிடத்திலும் ஓடும் என்றேன். தலையாட்டினாள். திருப்தி இல்லை அவளுக்கு. எனக்கும்தான்.

இவர் சுரங்கத்தில் ஃபர்ஸ்ட் ஷிப்ட் வெல்டிங் முடிந்து வந்தபோதே கண் சிவப்பு. மைன்ஸ் தூசி என்றார். விளக்கு வைக்கிற நேரத்தில், மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிகிறது, டியூப்லைட்டை அணை என்கிறார். துருவிக் கேட்டதில்: வெல்டிங் ஷீல்டு கண்ணாடி போன வாரமே உடைந்துவிட்டது. கான்ட்ராக்டர் வேறு தரவில்லை. இன்றைக்கு, பிளாட்பாரத்தில் வாங்கிய கூலிங் கிளாஸோடு வேலை.

"கறுப்பாதானே இருக்குது? கண்ணும் கூசல. நல்லா கிட்டக்க பாத்துக்கினுதான் அடிச்சேன்."

கூசுவது கண்ணுக்குத் தெரிகிற ஒளி. சுட்டது புற ஊதா. அதுவும் அதே அலைதான், அதே வேகம்தான். அலைநீளம் மட்டும் ஊதாவைவிடக் குறைவு, ஆற்றல் அதிகம், கண்ணுக்கு அகப்படாது. காலையில் நாற்பது பிள்ளைகளுக்குச் சொன்னேன். வீட்டில் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இருவரும் லீவு. கண் டாக்டர்: கருவிழியின் மேல்தோல் வெந்திருக்கிறது, ஆறிவிடும், திரும்பத் திரும்பப் பட்டால்தான் ஆபத்து. சொட்டு மருந்து. ஜன்னலுக்குப் போர்வை.

நாளைக்கே வேலைக்குப் போகணுமாம். போகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள், பர்மனென்ட் பேச்சு வரும்போது பெயரே இருக்காது என்கிறார். இருட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சண்டை. பால் வாங்க மறந்தாயிற்று.

ஆகஸ்ட் 6, புதன்

அரை நாள் பெர்மிஷன். கண் இன்னும் எரிவதால் இவர் வீட்டில். இவரிடம் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கான்ட்ராக்டர் ஆபீஸ். சூப்பர்வைசர் சேர் போட்டார். இதற்கெல்லாம் லேடீஸ் வரணுமா மேடம் என்றார். எனக்கு எப்படியோ வகுப்புக் குரல் வந்துவிட்டது.

"அவர் கண்ணு சரியாயிடும். மத்தவங்க ஷீல்டு கண்ணாடியையும் வாங்கிப் பாருங்க சார். நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்தேதான் இருந்தேன். கடைசியில் ஸ்டோரிலிருந்து ஒரு பெட்டி வந்தது. எல்லாருக்கும் புதுக் கண்ணாடி.

நான் வீட்டுக்கு வருமுன் இவருக்குப் போனில் விஷயம் வந்துவிட்டது. "பொண்டாட்டிய வுட்டுப் பேச வெச்சான்னு சொல்லுவானுங்க" என்றார். அவ்வளவுதான், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். வேலை போனால்? நான் அங்கே போயிருக்கக் கூடாதோ? சமாதானத்துக்குக் கிளறிய கேசரி அடிப்பிடித்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

வேலைக்குப் போனார். சொல்லிக்கொள்ளாமல். நாள் முழுக்க எதிலும் மனம் ஒட்டவில்லை. ஒரே பேப்பரை இரண்டு தடவை திருத்தினேன். போன் அடித்தபோதெல்லாம் இவர் நம்பரா என்று பார்த்தேன்.

வழக்கமான நேரத்துக்கே வந்தார். கண் தெளிவு. யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடி, மற்ற வெல்டர்கள் பேசிக்கொண்டதைச் சொன்னார். தோல் கையுறையும் எல்லாருக்கும் கிழிந்துதான் கிடக்கிறதாம்.

"உங்க வூட்டம்மாவ இன்னொரு தபா வரச் சொல்லுண்ணேன்றானுங்க."

கை கழுவப் போனவர் அங்கிருந்தபடியே கேட்டார், நாளைக்கு ஸ்கூல் எத்தனை மணிக்கு விடும் என்று.