அலை அடிக்காத கரைகள்

டிக்கோயா, 1955

பெப்ரவரி 6, ஞாயிறு

பூசை முடிந்து வந்து துணி துவைத்தேன். இவருடைய காற்சட்டை மடிப்பில் மணல். வெள்ளை மணல், கடல் மணல். அட்டனில் கோவா, லீக்ஸ் என்று மரக்கறி ஏற்றிப் போய்ப் புத்தளம் சந்தையில் இறக்கிவிட்டு, உப்பும் கருவாடும் ஏற்றி வருகிற லொறி டிரைவருக்குக் கடற்கரையில் என்ன வேலை? கேட்டேன். "காத்து வாங்கப் போனேன்" என்றார். டிக்கோயாக் காற்று இவருக்குப் போதவில்லையாம்.

பெப்ரவரி 13

இன்றும் மணல். இந்தத் தடவை நான் கேட்கவில்லை.

பெப்ரவரி 17, வியாழன்

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சோலைமலை அண்ணன் கருவாட்டுப் பொட்டலத்தோடு குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றார். இவரோடு லொறியில் போகிறவர், பேரன் பேத்தி எடுத்தவர். ஒரு தேத்தண்ணி கொடுத்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "தம்பி லொறிய ரோட்டோரமா விட்டுட்டு கரையோரமாவே நடக்குது டீச்சர். அலை அடிக்காத எடமாத் தேடுது. வள்ளம் கிட்டத்துல வருமான்னு விசாரிக்குது."

வள்ளம்.

பொம்பளை விவகாரம் என்று நினைத்தேனே, அதுவாக இருந்தாலும் பரவாயில்லை. டிசம்பரில் இலங்கைப் பிரஜாவுரிமை மனுக்களுக்குப் பதில் வந்தது. எனக்கு உண்டு, இவருக்கு இல்லை. அன்றிலிருந்து சாப்பாட்டில் பேச்சே கிடையாது. இவருடைய தங்கை பெற்றீசியா புருஷனோடு இந்தியாவுக்கு, மணப்பாறைப் பக்கம் போனவள், இப்போது தாலியறுத்துத் தனியாகக் கிடக்கிறாள். அவளிடம் போய்ச் சேரப் பார்க்கிறார். கப்பலில் போனால் ஊருக்கே தெரியும். பெண்டாட்டியிடம் சொல்லாமல் போகிறவருக்கு வள்ளம்தானே தோது? எனக்கு உத்தியோகம் இருக்கிறது, பிள்ளை இல்லை. என்னை விட்டுப் போவதில் என்ன கஷ்டம்?

பெப்ரவரி 20

ஆழம் பார்த்தேன். "அடுத்த வாரம் நானும் வர்றேங்க, தலவில அன்னம்மாள் கோயில்ல ஒரு நேர்த்திக்கடன் இருக்கு" என்றேன். நேர்த்தி ஒன்றும் இல்லை, அன்னம்மாள் மன்னிக்கட்டும். மழுப்புவார் என்று பார்த்தால், கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாயேன். பொம்பள கூட இருந்தா நல்லதுதான்" என்கிறார்.

எதற்கு நல்லது? அதை நினைத்தே தூக்கம் போய்விட்டது.

பெப்ரவரி 27, ஞாயிறு

கினிகத்தேனை வளைவுகளில் இரண்டு தரம் வாந்தி. கோயிலில் மெழுகுதிரி ஏற்றினேன். பிறகு சோலைமலை அண்ணனை லொறியில் தூங்கவிட்டு, கற்பிட்டிப் பக்கம் கரை கரையாக நடந்தோம். ஒன்றில் கருவாடு காயப் போடுகிற கூட்டம், இவர் தலையை ஆட்டிவிட்டார். இன்னொன்றில் அலை பெரிசு. கடைசியில் தாழம்புதருக்குப் பின்னால் ஒரு கரை. ஆளே இல்லை. தண்ணீர் குளம் மாதிரிக் கிடந்தது. சேலையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் வரை இறங்கி நின்றேன். அந்த நேரத்திலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கங்கெட்ட மனசு.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் இவர் ஆழம் எவ்வளவு, ஆள் நடமாட்டம் எப்படி என்று கேட்டுவிட்டுத் திரும்பினார். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"எப்பங்க போறீங்க?"

"எங்க?"

"என்னைய விட்டுட்டு. வள்ளத்துல."

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "போறதுக்கில்ல சிசிலி. பெற்றீசியா வர்றா. பெர்மிட் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. நம்ம தோட்டத்து லயத்துல பொறந்த புள்ள. இப்ப வந்தா கள்ளத்தோணியாம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்குத் தெரியாம இருந்தாத்தான் உன் வேலையாவது மிஞ்சும்."

அழுதேன். ஆறுதலா கோபமா தெரியவில்லை. இரண்டும்தான்.

மார்ச் 2

அந்த வலைக்காரர் ஏன் அவ்வளவு சிரித்துப் பேசினார்? யாரிடம் சொல்லுவார்? ஒரு தேத்தண்ணிக்கு என்னிடம் எல்லாம் சொன்ன சோலைமலை அண்ணன் இன்னொருத்தருடைய தேத்தண்ணிக்குச் சொல்லமாட்டாரா? கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன். "எனக்கென்ன டீச்சர் தெரியும், நான் லொறியில தூங்குற ஆளு" என்றார். நம்பலாம் போலத்தான் இருக்கிறது. போலத்தான்.

மார்ச் 13

போனோம். நடுச்சாமம் தாண்டியும் வள்ளத்துக்குக் காத்திருந்தோம். வரவில்லை. திரும்பும்போது பாலாவியில் பொலிஸ் மறித்தது. "கொஹெத யன்னே?" எங்கே போகிறீர்கள் என்று கேட்டு டோர்ச் வெளிச்சத்தை என் முகத்தில் அடித்தான். கோயிலுக்குப் போய் வருகிறோம் என்று இவர் சிங்களத்தில் சொன்னார். என் கையில் ஜெபமாலையைப் பார்த்ததும் போகச் சொல்லிவிட்டான். பொம்பளை கூட இருந்தால் எதற்கு நல்லது என்று இப்போது தெரிகிறது.

மார்ச் 20

காய்ச்சல் என்று இவர் கிடக்கிறார். இந்த மாதத்தோடு விட்டுவிடலாமா என்கிறார். அடுத்த வாரம் கட்டாயம் போகிறோம் என்று நான்தான் சண்டை போட்டேன்.

மார்ச் 27, ஞாயிறு

வந்துவிட்டாள்.

இடுப்புவரை நனைந்து, கையில் ஒரு சின்ன மூட்டையோடு. எலும்பும் தோலும். லொறியில் என் தோளிலேயே சாய்ந்து தூங்கினாள். கினிகத்தேனை தாண்டிக் குளிர் அடித்ததும் கண்ணைத் திறந்து, "நம்ம ஊரு வந்துருச்சா அண்ணி?" என்றாள். என் சேலைத் தலைப்பை அவள்மேல் போர்த்திவிட்டேன்.

மார்ச் 30

பக்கத்துத் தோட்டத்து லயங்களில் பொலிஸ் கள்ளத்தோணி தேடியிருக்கிறது. புருஷனையும் பெண்டாட்டியையும் ஜீப்பில் ஏற்றிப் போனார்களாம். யார் காட்டிக்கொடுத்தது? நம் தோட்டத்திலும் அப்படி ஒருத்தர் இருப்பாரே, அது யார்? காலையில் லயத்து மீனம்மா சீனி கேட்டு வந்தாள். சீனிக்குத்தான் வந்தாளா?

"நீ எழுதுறத எல்லாம் அடுப்புல போடு" என்கிறார் இவர். எரிக்க மனம் வரவில்லை. இதுவரை எழுதிய தாள்களைக் கொப்பியிலிருந்து கிழித்துக் கூரைத் தகரத்துக்கு அடியில் செருகிவிடுகிறேன். இனிமேல் யார் எடுத்துப் படித்தாலும் சரியாக இருக்கும்படி எழுத வேண்டும்.

ஏப்ரல் 3, குருத்தோலை ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தோம். மத்தியானத்திலிருந்து மழை. வீட்டில் நானும் இவரும் மட்டும்தான். வேறு யாரும் இல்லை.