கடுகளவு சிறுநீரகம்

புதன், ஐப்பசி 9

இன்று மேலூர் போய் அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன; மதினி தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்க எப்போதோ தயாராகிவிட்டார். அவன்தான் மறுத்துக்கொண்டிருந்தான்.

"செல்வி லேப்ல எனக்கு ஒண்ணு வளத்துக்கிட்டு இருக்கா. உன்னைய எதுக்கு அறுக்கணும்?" என்று என்னைக் காட்டி மதினியிடம் இன்றும் சொன்னான்.

செல்போனில் படத்தைக் காட்டினேன். அவன் ரத்தத்தில் எடுத்த செல்களை எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்றி, லேபில் நாங்கள் வளர்த்த சிறுநீரகத் திசு அது.

"எம்புட்டுப் பெருசு?"

"கடுகளவுண்ணே. இதுக்கு மேல வளர மாட்டேங்குது."

"நடுவுல என்ன கருப்பா?"

"செத்துப்போச்சு. ரத்தக்குழாய் இல்லாம உள்ள சத்துப் போகல. அதைச் சரிபண்ண இன்னும் எம்புட்டு வருசமோ. அதுவரைக்கும் நீ தாங்க மாட்டண்ணே."

"அதுவும் என்னைய மாதிரி நோஞ்சானாப் போச்சா?" என்றான். மதினி சிரித்துவிட்டார். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமலே, "சரி, டாக்டர்ட்ட வாரோம்னு சொல்லு" என்றான்.

டயாலிசிஸ் வார்டில் நான் பார்த்தவரை கொடுக்க வருவது மனைவி, அம்மா, அக்கா. வேண்டாம் என்று சொன்ன ஆம்பளை இவன் ஒருத்தன்தான். அவன் வாயையும் நானே அடைத்துவிட்டேன்.

பஸ் ஏற்றிவிட வந்த மதினி என் கண்ணைத் துடைத்துவிட்டார். "எனக்குப் பயமெல்லாம் இல்லடி. உங்கண்ணன் இனிமேயாச்சும் டாக்டர் சொன்ன கணக்குக்கு அளக்காம ஒரு சொம்புத் தண்ணி குடிக்கணும், அம்புட்டுதான்."

இதை எழுத உட்காரும்போது நான் குடிக்க எடுத்துவைத்த தண்ணீர் பக்கத்தில் அப்படியே இருக்கிறது.