சோடாவுக்குக் கல் என்று நான் அன்றே சொன்னேன்

ஜூன் 17, செவ்வாய்

நான் சொன்னது நடந்துவிட்டது. போன கிறிஸ்துமஸுக்கே சொன்னேன், நாய் சோடாவுக்கு மூத்திரப்பையில் கல் இருக்கிறதென்று. யார் கேட்டார்கள்? இன்றைக்குச் சிதம்பரத்தில் டாக்டர் அறிவழகன் ஸ்கேன் எடுத்துப் பார்த்து அதையேதான் சொல்கிறார். அவருக்கு மெஷின் வேண்டியிருந்தது. எட்டாவதோடு நின்ற எனக்குக் கண்ணே போதுமாக இருந்தது.

காலையிலிருந்து நாய் காலைத் தூக்குகிறான், நிற்கிறான், ஒரு சொட்டு வரவில்லை. முனகல் வேறு. கடலூரில் டாக்டரே இல்லையா என்றாள் என் சம்சாரம் ரோசி. இருக்கிறார்கள், ஆனால் குட்டியிலிருந்து சோடாவைப் பார்த்தவர் அறிவழகன்தான். எங்கள் தெரு டிரைவர் ஆண்டியின் குட்டியானை லோடு வண்டியில் பின்னால் பாய் விரித்து, நாயை மடியில் போட்டுக்கொண்டு போனேன். குடிகாடு தாண்டி ஆண்டி எண்பதைத் தொட்டான். தொண்ணூறு என்றே வைத்துக்கொள்ளலாம். இருபத்தாறு வருஷம் இதே ரோட்டில் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் நான், நானே ஏசுவே என்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் டியூப் போட்டு அடைப்பை எடுத்தார். ஒரு குடம் வந்தது.

"இது தற்காலிகம்தாங்க. திரும்ப அடைச்சா உசுருக்கே ஆபத்து. இந்த வாரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணியே ஆவணும்" என்றார்.

ஜோதி மேரி வேலையிலிருந்து நேரே ஓடி வந்திருந்தாள். என் அக்கா மகள். நாய் அவளுடையது. வாடகை வீட்டுக்காரர் நாய் கூடாது என்று சொன்னதால் ஜனவரியிலிருந்து என் வீட்டில் வளர்கிறது. "இன்சூரன்ஸ் இருக்கு மாமா. பிப்ரவரில போட்டேன். ஆபரேஷன் அவசியம்னு டாக்டர் எழுதிக் குடுத்தா குடுப்பாங்க" என்றாள்.

அதைப் போடச் சொன்னதே நான்தான் என்று டாக்டரிடம் சொன்னேன். ஜோதி மேரி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஜூன் 18, புதன்

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன். வினோதினி என்று ஒரு பெண். நாய் என் வீட்டில் இருப்பதால் என்னிடம் விசாரிக்க வேண்டுமாம். "இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது சார்" என்றாள். நல்லா ரெக்கார்ட் பண்ணும்மா என்றேன்.

முதல் முதலில் எப்போது கவனித்தீர்கள் என்று கேட்டாள். கேட்கத் தெரிந்த பெண். விளக்கமாகச் சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு ஜோதி மேரி நாயைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கூடத்தில் ஏசு பாலன், மூன்று ராஜாக்கள், ஒட்டகம் என்று பொம்மைகளோடு குடில் வைத்திருந்தோம். சோடா அந்த வைக்கோல் பக்கம் போய்க் காலைத் தூக்கியவன் அரை மணி நேரம் அப்படியே நின்றான். ஒரு சொட்டு வரவில்லை. அந்த இடத்திலேயே என் சம்சாரத்திடம் சொன்னேன், இது கல்லு என்று.

"டிசம்பர்லயா சார்? உறுதியா தெரியுமா?"

"என் சம்சாரமே சாட்சிம்மா."

ரொம்ப உபயோகமான தகவல் சார் என்றாள். என் பேச்சைக் கேட்டு ரிட்டயர்டு கால்நடை டாக்டர் என்று நினைத்திருப்பாள். நானும் இல்லையென்று மறுக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

கொடுக்க மாட்டார்களாம்.

ஜோதி மேரி போனில் படித்துக் காட்டினாள். உயிர் காக்க அவசியமான ஆபரேஷன் என்றால் பணம் உண்டு. ஆனால் பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய் என்றால் கிடையாது. இது முன்பே இருந்த நோயாம். எவன் சொன்னான்? எந்த அயோக்கியன் இவர்களுக்குச் சொன்னான்? பணம் கட்டும்போது சார் சார் என்பது, நாய் படுத்துக்கிடந்தால் சட்டம் பேசுவது. பஸ்ஸில் டிக்கெட் வாங்கியவனைப் பாதி வழியில், ஆலப்பாக்கத்தில், உனக்கு முன்னாடியே கால் வலி இருந்தது இறங்கு என்று நான் என்றைக்காவது இறக்கிவிட்டிருக்கிறேனா?

டாக்டர் பிப்ரவரியில் ஊசி போடும்போது முழுக்கப் பரிசோதித்து நல்லா இருக்கிறது என்று எழுதியே கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் என்ன வேண்டும் இவர்களுக்கு?

கலெக்டரைப் பார்ப்பேன். கலெக்டருக்கு என்னைத் தெரியும். தெரியாவிட்டாலும் பார்த்தால் தெரிந்துகொள்வார்.

ஜூன் 21, சனி

கோபத்தில் சோறு இறங்கவில்லை. மூன்று தடவை போட்டுக்கொண்டேன் என்கிறாள் ரோசி. கோபத்தில் தின்பது உடம்பில் சேராது.

ஜூன் 22, ஞாயிறு

பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் ஜோதி மேரியும் அவள் வீட்டுக்காரன் ஜேக்கப்பும் வாசலில் நிற்கிறார்கள். சோடா அவள் காலடியில் படுத்திருந்தான். வாலை மட்டும் ஆட்டினான்.

கம்பெனியை நாறடிக்கப் போகிறேன் மாப்ள என்று ஆரம்பித்தேன். ஜேக்கப் என் கண்ணைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்தான்.

"நான் போன் பண்ணிக் கேட்டேன் மாமா. அவுங்க ரெக்கார்டப் போட்டுக் காட்டுனாங்க. உங்க குரலு" என்றாள் ஜோதி மேரி.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

"ஊருக்கே முந்தி தெரிஞ்சவரு நம்ம மாமா. கம்பெனிக்கும் முந்திச் சொல்லிட்டாரு, அவ்ளோதான்" என்றான் ஜேக்கப். சிரிக்கவும் இல்லை, படுபாவி. சிரித்திருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பேன்.

ஜோதி மேரி கேட்டதுதான் இன்னும் காதில் நிற்கிறது. "டிசம்பர்லயே தெரிஞ்சும் எங்கிட்ட ஏன் மாமா சொல்லல? அப்பவே காட்டியிருப்பேனே. இவ்ளோ நாளு வலியோட இருந்திருக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் ரோசி முந்திக்கொண்டாள். "ஆமாண்டி, சொன்னாரு. நான் உள்ள வர்றேன், நாய் குடிலுக்குப் பக்கத்துல கால தூக்கிட்டு நிக்குது. என்னாங்க இதுன்னேன். ஒண்ணும் வரலடி, கல்லு போலன்னாரு. நல்லவேளை ஒண்ணும் வரலன்னு நெனச்சேன். அன்னைக்கு பங்குச் சாமியார் வந்து, என்னா ரோசி, குடிலு பன்னீரா மணக்குதுன்னு பாராட்டிட்டுப் போனாரு."

ஒரு பயலும் என் பேச்சை நம்பாத வீடு இது. இதை மட்டும் எப்படித்தான் எல்லாரும் நம்புகிறார்களோ.

ஜோதி மேரி மேலும் சொன்னாள். டாக்டர் எழுதிக் கொடுத்தது பலமான ஆதாரமாம். இடிப்பது என் வார்த்தை ஒன்றுதான். அன்றைக்கு உண்மையில் என்ன பார்த்தேன் என்று நானே விளக்கிச் சொன்னால் மறுபடி பரிசீலிப்பார்களாம். "ஆனா தெரிஞ்சே தெரியாதுன்னு பொய் சொல்ல வேணாம் மாமா. அந்தக் காசு வேணாம்."

"வேணாம் மாமா, நான் பைக்க வித்துடறேன்" என்றான் ஜேக்கப். அந்த பைக்கில்தான் தினமும் குடிகாட்டுக்கு ஷிஃப்டுக்குப் போய் வருகிறான். நைட் ஷிஃப்டுக்கு எந்த பஸ் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. சாப்பிடாமல் போய்விட்டார்கள்.

ஜூன் 23, திங்கள்

கம்பெனிக்குப் போன் போட்டேன். அதே வினோதினி. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். எதில் தப்பு சார் என்றாள். பொதுவாகத் தப்பு என்றேன்.

"அன்னைக்கு யூரின் போச்சா, போவலையா சார்? அத மட்டும் சொல்லுங்க."

ரோசி எதிரில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. டவர் கிடைக்கவில்லை என்று சொல்லிக் கட் பண்ணினேன். டவரே எங்கள் எதிர்வீட்டு மொட்டை மாடியில்தான் இருக்கிறது.

என்ன கேள்வி இது. ஒரு பெண்பிள்ளை ஆம்பளையிடம் கேட்கிற கேள்வியா?

ஜூன் 24, செவ்வாய்

மறுபடி அடைத்துக்கொண்டது. விடிந்ததும் பார்த்தேன், சோடா முருங்கை மரத்தில் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். நிற்கிறான், நிற்கிறான், பின்னங்கால் நடுங்குகிறது. என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சொன்ன கதையில் எப்படி நின்றானோ அப்படியே நின்றான். ஏண்டா, நான் சொன்னேன்னா நீயும் அப்படியே செய்யணுமா?

ஆண்டியைக் கூப்பிட்டேன். ரோசியும் ஏறிக்கொண்டாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. புதுச்சத்திரம் தாண்டும்போது தொட்டுப் பார்த்தேன். நாயின் வயிறு கல் மாதிரி இருந்தது.

டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு இனிமேல் காத்திருக்க முடியாது என்றார். எங்களுக்கு முன்பே ஜோதி மேரியோடு வந்திருந்த ஜேக்கப் பைக் சாவியை அவர் மேஜையில் வைத்தான். அவர் அதை எடுத்து அவன் சட்டைப்பையிலேயே போட்டார். "மொதல்ல நாய், அப்புறம் பைக்" என்றார். எல்லாரும் நல்லவர்களாக இருக்கிறார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

நாயை உள்ளே தூக்கிக்கொண்டு போனதும் போனை எடுத்து மேஜையில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, வினோதினியைக் கூப்பிட்டேன். ரெக்கார்ட் ஆவுதா என்று நானே கேட்டேன். ஆகிறது என்றாள். சொல்லிவிட்டேன். ஜோதி மேரி, ஜேக்கப், டாக்டரின் கம்பவுண்டர், ஆண்டி, ரோசி எல்லாரும் கேட்டார்கள். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

அந்தப் பெண் பக்கத்திலிருந்து இருமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. சிரித்தாளோ என்னவோ. "அதாவது டிசம்பர்ல எந்தத் தொந்தரவும் இல்ல, சரிதானா சார்?" என்றாள். சரி என்றேன்.

ஜேக்கப் வெளியே ஓடினான். அவன் சிரிப்பு கீழவீதி வரை கேட்டிருக்கும். ரோசி சிரிக்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து சோடா கண் விழித்துவிட்டான். கழுத்தில் புனல் மாதிரி ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். கல்லைப் புட்டியில் போட்டுக் கொடுத்தார் டாக்டர். இரண்டு. புளியங்கொட்டை அளவு. ஆண்டியிடம் காட்டும்போது கொட்டைப்பாக்கு அளவு இருந்தது என்று சொல்லலாம், காய்ந்து சுருங்கியிருக்கிறது.

கம்பெனியிலிருந்து பதில் இல்லை. மனுஷன் மானத்தை அடகு வைத்துச் சொன்ன உண்மைக்கு ஒரு பதில் கூடவா இல்லை? தூ.

ரோசியும் பேசவில்லை. சோறு மட்டும் வைக்கிறாள், தட்டு அதிர.

ஜூலை 6, ஞாயிறு

நேற்றுப் பதில் வந்துவிட்டது. கொடுக்கிறார்களாம். ஜேக்கப் பைக்கிலேயே வந்து சொன்னான். ஜோதி மேரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேள மாமா, உங்களுக்கு ஒண்ணுமே தெரியாம இருந்துது" என்றாள். என்ன பாராட்டு இது? ஆனால் அவள் முகம் தெளிந்திருந்தது. சோடா அவள் வந்த பைக்கின் பின் சக்கரத்தில் காலைத் தூக்கி, தாராளமாக, அவசரமில்லாமல் போனான். நாங்கள் நாலு பேரும் நின்று பார்த்தோம். தேர் பார்க்கிற மாதிரி.

பூசைக்குப் போய்விட்டு வந்ததும் ரோசி பரணிலிருந்து குடில் பெட்டியை இறக்கச் சொன்னாள். பன்னிரண்டு நாள் கழித்து முதல் பேச்சு. ஜூலை மாதத்தில் எதுக்குடி என்று கேட்கவில்லை, இறக்கினேன். பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணி சோப்புப் போட்டுக் கழுவுகிறாள்.

"எது மேல?" என்றாள்.

காட்டினேன். ஒட்டகத்தை இரண்டு தடவை கழுவினாள். ராஜாவை நாலு தடவை. சாமியாரிடமும் நான்தான் போய்ச் சொல்ல வேண்டுமாம், பன்னீர் வாசம் ஏன் வந்தது என்று.

சரி, இங்கேயும் எழுதிவிடுகிறேன். கல்லு என்று அன்றைக்கு நான் சொன்னது நிஜம். ஒரு சொட்டு வரவில்லை என்றதுதான் பொய். ரோசியின் காலடிச் சத்தம் கேட்டது, வாயில் வந்தது அது. அவள் அடுப்பங்கரைக்குப் போனதும் வைக்கோலை மாற்றி, ராஜாவை என் பனியனால் துடைத்து, கல்யாண வீட்டில் மிச்சமிருந்த பன்னீரை மொத்தமாக ஊற்றினேன். அரை மணி நேரமும் இல்லை, அரை நிமிஷம்தான். மூன்று ராஜாக்களில் ஒருவர் முழுசாக நனைந்தார். அன்றைக்கு அந்த நாய்க்கு ஒரு குறையும் இல்லை. அப்படிப் போன நாயை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.