கப்பித்தான் வீட்டு எச்சில்

அன்பு மகள் நதீஷாவுக்கு,

இங்கே திருகோணமலையில் நானும் அம்மாவும் உடம்பளவில் நல்ல சுகம், மனதளவில் எப்படி என்பதை இதை வாசித்து முடித்த பிறகு நீயே தீர்மானித்துக்கொள். மெல்பேண் குளிரில் மாதா உன்னைப் போர்த்திக் காப்பாற்றுவாராக. வட்ஸ்அப் இருக்கும்போது அப்பா ஏன் கடதாசியும் பேனையும் எடுத்தார் என்று யோசிப்பாய். அந்தச் சனியனில் இனி ஒரு சொல்லும் எழுதுவதில்லை என்று சத்தியம் பண்ணியிருக்கிறேன். காரணம் வெட்கக்கேடானது, அதை முதலில் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். போன மாதம் நீ குடும்பக் குழுவில் ஒரு படம் போட்டாய் அல்லவா, ஒரு பச்சை வட்டமும் அதற்குள் தொண்ணூற்றெட்டு வீதம் என்ற எண்ணும். என் கண்ணாடி படகில் கிடந்தது, கீழே இருந்த சின்ன இங்கிலீஷ் எழுத்துகள் எனக்கு எறும்பு போலத்தான் தெரிந்தன. நீ தாதி வேலைக்கு ஏதோ பரீட்சை எழுதப் போவதாகச் சொன்னது ஞாபகம் வந்தது. தொண்ணூற்றெட்டு! நம்முடைய பரம்பரையில் அறுபதைக் கண்டவர்களே இல்லை, நான் கணக்கில் எடுத்ததை உன்னிடம் இன்றுவரை சொன்னதும் இல்லை. உடனே அந்தப் படத்தைத் தூக்கி, “என் மகள் பாஸ், மாதாவுக்கு நன்றி” என்று எழுதி, நம் பங்குக் கோயில் குழுவுக்குள் தட்டிவிட்டேன். அதோடு நின்றேனா, மஸ்கட் இனிப்பு வாங்கி ஒழுங்கை முழுவதும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாரும் வாங்கித் தின்று கையைத் துடைத்த பிறகுதான் ரியூசன் மாஸ்டர் இராகுலன் குழுவுக்குள் எழுதினார், “அண்ணன், இது சோதினை மார்க் இல்ல. பிள்ள தன்ர எச்சிலக் குழாய்க்குள்ள துப்பி அனுப்பி, பரம்பரை என்னெண்டு பாத்திருக்கு. தொண்ணூற்றெட்டு வீதம் தென்னிந்தியாவும் இலங்கையுமாம். மிச்சம் ரெண்டும் என்னெண்டு அவங்களுக்கே விளங்கேல்லையாம். போர்த்துக்கல் பூச்சியம்” என்று.

அந்தப் பூச்சியத்துக்குள்தான் மகள் உன் அப்பா விழுந்து கிடக்கிறேன். இந்த ஒழுங்கையில் நம்முடையது கப்பித்தான் வீடு. என் அப்பப்பாவை ஊரே கப்பித்தான் என்றுதான் கூப்பிட்டது, போர்த்துக்கேயக் கப்பலில் வந்து இந்தத் துறைமுகத்தில் இறங்கிய ஒரு கப்பித்தானின் வழியில் வந்தவர்கள் நாங்கள் என்று என் அப்பா எனக்குச் சொன்னார், நான் உனக்கும் தம்பிக்கும் சொன்னேன், டொல்பின் பார்க்கப் படகில் ஏறும் வெள்ளைக்காரர் எல்லாருக்கும் சொல்கிறேன். டொல்பின் வராத நாளில் அவர்களுக்கு அந்தக் கதைதான் டொல்பின். படகின் நெற்றியிலும் கப்பித்தான் என்றுதான் எழுதியிருக்கிறது. வருகிற மாதம் திருநாளுக்குப் பங்கின் வரலாற்றைப் பற்றிப் பேசச் சொல்லிச் சுவாமி என்னைத்தான் கேட்டிருந்தார், கப்பித்தான் வீட்டார் என்ற முறையில். இப்போது அவர் என்னைக் கண்டால் செபமாலையைப் பார்த்துச் சிரிக்கிறார். ஐஸ் விற்கிற ஜெமீல் இறங்குதுறையில் வைத்து எல்லாருக்கும் கேட்கும்படியாக, “விலகுங்கோ விலகுங்கோ, கப்பித்தான் வாறார்! அண்ணன், நீங்க எந்தக் கப்பல்ல வந்தனீங்க? பாலம் போட முன்னம் ஓடின கிண்ணியாப் பாதையிலயா?” என்று கேட்கிறான். ஆட்களையும் ஆடுகளையும் ஏற்றி இறக்கிய அந்தப் பாதைப் படகில் போய் என் கப்பித்தானை ஏற்றிவிட்டான். தம்பி போன சனிக்கிழமை புல்மோட்டையிலிருந்து வந்தவன், ஆறுதல் சொல்வான் என்று பார்த்தால், “பூச்சியம் எண்டாலும் நாங்க நாங்கதானே அப்பா” என்று சொல்லிவிட்டு மூன்றாம் தரமும் சோறு போட்டுக்கொண்டான்.

படத்தை ஊருக்குள் அனுப்பியது நான்தான், அதற்குரிய அடியை அம்மா ஏற்கெனவே வாயால் தந்துவிட்டார். ஆனால் நான் கேட்கிறேன், யாரைக் கேட்டு நீ இதைச் செய்தாய்? எச்சில் உன்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். அதில் பாதி நான், பாதி அம்மா. வங்கியில் கூட்டுக் கணக்கு என்றால்கூட இரண்டு பேருடைய கையொப்பம் கேட்கிறான். நீ ஒரு விரலால் ‘சம்மதம்’ என்று தட்டி, எனக்கும் அம்மாவுக்கும் தம்பிக்கும் இன்னும் பிறக்காத அவன் பிள்ளைகளுக்கும் என்றைக்கோ செத்துப்போன என் அப்பாவுக்கும் சேர்த்துச் சம்மதம் கொடுத்துவிட்டாய். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டிக் காட்டியே வயதுக்கு வந்தவன் நான். பெயர் என்ன, ஊர் என்ன, எங்கே போகிறாய், யாரைப் பார்க்கப் போகிறாய், எல்லாம் கேட்டார்கள், சைக்கிள் டயருக்குள்கூடக் காற்றுத்தானா என்று பார்த்தார்கள். வாயைத் திறந்து துப்பு என்று மட்டும் ஒருவனும் கேட்கவில்லை. நீயோ காசு கொடுத்துத் துப்பியிருக்கிறாய்! அந்தக் கம்பனி நாளைக்கு நட்டப்பட்டு இன்னொருவனுக்குக் கைமாறினால் நம்முடைய எச்சில் எவனுடைய அலுமாரிக்குள் போகும்? காப்புறுதிக்காரன் அதை வாங்கிப் பார்த்து, கிறிஸ்தோபரின் மகளுக்கும் சீனி வருத்தம் வரும் என்று கண்டுபிடித்தால் உன்னை என்ன பாடு படுத்துவான்? போனில் கடவுச்சொல்லைத் திருடினால் வேறு ஒன்று போடலாம், எச்சிலைத் திருடினால் வேறு எச்சிலுக்கு எங்கே போவாய்? இந்தக் கேள்விகள் இராகுலன் மாஸ்டர் சொல்லித் தந்தவை, கோபம் மட்டும் என்னுடைய சொந்தக் கோபம்.

இதுவரைக்கும்கூடத் தாங்கியிருப்பேன், நௌபர் வந்ததைத்தான் தாங்க ஏலாமல் இருக்கிறது. கிண்ணியா நௌபரை உனக்குத் தெரியும், என் படகுக்கு எஞ்சின் விற்றவன். புத்தம் புதுசு, கல்யாணம் முடிக்காத எஞ்சின் என்று சொல்லி என் தலையில் கட்டினான், அது இரண்டு ஜேர்மன்காரரையும் என்னையும் நடுக்கடலில் விட்டுவிட்டு நித்திரைக்குப் போனது. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அவனுடைய மகன் அர்ஷாக் டோஹாவில் இருந்துகொண்டு அதே கம்பனிக்குத் துப்பியிருக்கிறான். கணினி உன் பெயரையும் அவன் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, நாலைந்து தலைமுறைக்கு முன்னர் இரண்டு பேருக்கும் ஒரே ஆள் என்று சொல்லிவிட்டதாம். நேற்று வெள்ளி ஜும்மா முடிந்த கையோடு நௌபர் ஒரு சட்டி எருமைத் தயிரோடு படலையில் வந்து நின்று “மச்சான்!” என்று கூப்பிடுகிறான். மச்சானாம்! அந்த எஞ்சினைத் திருப்பி எடுங்கோ, பிறகு மச்சான் மாமன் எல்லாம் பார்ப்போம் என்றேன். “சொந்தத்துக்குள்ள குடுத்ததத் திருப்பி வாங்குறது வடிவில்லயே மச்சான்” என்கிறான். நான் நின்ற இடத்தில் கொதித்துக்கொண்டிருக்க, அம்மா என்ன செய்தார் தெரியுமா, அவனுக்கு நல்ல கதிரையாகப் பார்த்துப் போட்டு, தேத்தண்ணி ஊற்றி, குசினித் தட்டில் கரண்டிகள் போட்டு வைக்கிற அந்தக் கறுத்த கிண்ணத்திலிருந்து, நீ சின்னதில் தொப்பி என்று தலையில் கவிழ்த்துக்கொண்டு திரிந்தாயே அதிலிருந்து, ஒரு கரண்டியும் எடுத்துக் கொடுத்து, நாளைக்கு ஞாயிறு மத்தியானம் குடும்பத்தோடு சாப்பிட வரச் சொல்லிவிட்டார். “கோழிய நான் அறுத்துக் கொண்டு வாறன் மதினி, நீங்க சட்டிய மட்டும் பாருங்க” என்று அவனும் உரிமையோடு சொல்லிவிட்டுப் போகிறான். நான் சத்தம் போட்டதற்கு அம்மா, “உங்களுக்கு உங்கட கப்பித்தானும் உங்கட எஞ்சினும்தான் பெரிசு. அந்த மனுசன் வந்த வேகத்தில நீங்க ஒருநாளாவது உங்கட சொந்தத் தங்கச்சி வீட்ட போனீங்களா?” என்று கேட்டார். நான் தயிர்ச் சட்டியை இழுத்து வைத்துச் சாப்பிட்டேன். நல்ல தயிர்தான், அது வேறு கதை.

பகிடியை விட்டுவிட்டு ஒன்று சொல்கிறேன் மகள். அந்த நாலைந்து தலைமுறைக்கு முன்னர் இருந்த ஆள் யார், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனதா, அங்கிருந்து இங்கே வந்ததா, ஆசைப்பட்டுப் போனதா, வயிற்றுக்குப் போனதா, அழுதுகொண்டு போனதா, ஒருவருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்று நினைத்துத்தான் அந்த ஆள் சொல்லாமல் போயிருக்கலாம். அதைத் தோண்டி எடுத்து வட்டம் கீறி வீதம் போட உனக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. என் அப்பா எனக்கு விட்டுப் போனது ஒரு ஓட்டைப் படகும் கப்பித்தான் என்ற ஒரு சொல்லும்தான். அந்தப் படகு எப்போதோ உக்கிப் போய்விட்டது, மிச்சம் இருப்பது அந்தச் சொல். ஐம்பத்தெட்டு வயதில் நான் யார் என்பதை என் பிள்ளையின் எச்சில் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, என் அப்பா பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆகவே இந்தக் கடிதம் கிடைத்ததும் அந்தக் கணக்கை அழித்துவிடு, மிஞ்சிய எச்சிலை எரித்துவிட்டோம் என்று அவர்களிடம் எழுத்தில் வாங்கு, அர்ஷாக் பையனுக்கு மரியாதையாக ஒரு வணக்கம் சொல்லி அதோடு நிறுத்து. தம்பிக்கும் எனக்கும் குழாய் அனுப்புவதாகச் சொன்னாய், அந்தக் காசுக்கு நீ ஒரு தடித்த கம்பளிச் சட்டை வாங்கு. பரீட்சையையும் உண்மையாக எழுது, மஸ்கட் ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

இரவு வேலைக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே. அம்மாவுடைய முழங்கால் நோவு பரவாயில்லை. திருநாளன்று உன் பெயருக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துவோம், மாதாவும் அவர் மகனும் உன் வாசலில் எப்போதும் காவல் இருக்கட்டும். கணக்கை அழித்துவிட்டேன் என்று மறக்காமல் எழுது, கடிதத்தில் எழுது, குழுவில் போடாதே.

உன்மேல் கோபமும் அதைவிடக் கூடிய அன்பும் உள்ள அப்பா,
கப்பித்தான் கிறிஸ்தோபர் அஞ்சலோ

பி.கு: உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு சின்ன விடயம். நாளைக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அம்மா அந்தக் கரண்டிக் கிண்ணத்தைப் பழப்புளி போட்டுத் தேய்த்தார். கறுப்புக்குக் கீழே வெள்ளி, வெள்ளியில் இங்கிலீஷ் எழுத்து. இந்தமுறை கண்ணாடி பக்கத்தில்தான் இருந்தது. துறைமுகத் தொழிலாளர் உதைபந்தாட்டப் போட்டி என்று இருக்கிறது, அதற்குக் கீழே என் அப்பப்பாவின் பெயர், பெயருக்கு முன்னால் கப்டன் என்று போட்டிருக்கிறது. அதுவும் இரண்டாமிடக் கிண்ணம்.