அசைந்தாயா என்று கேட்டாயே

அன்புள்ள பேத்திக்குப் பாட்டி எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, அவள் வாய், எல்லாரும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நேற்று போனில் உனக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. உன் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதனால் எழுதுகிறேன். பிழை பார்க்காதே, எனக்கு வந்த படிப்பு அவ்வளவுதான்.

உடம்பை அறுக்காமலே ரொட்டி மாதிரி வில்லை வில்லையாகப் படம் எடுக்கப் புதுக் கருவி செய்கிறோம், சோதிக்க ஆள் வேண்டும் என்றாய். நானே வந்து படுத்தேன். படத்தில் என் கணையத்தில் ஒரு புள்ளி. ஆஸ்பத்திரி டாக்டர் தன்னுடைய பழைய மெஷினில் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையேம்மா. ஆராய்ச்சிக்காரங்க தூசி விழுந்தாக்கூட கட்டின்னு சொல்வாங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சாகும்வரை மறக்க மாட்டேன். உங்கள் ஆராய்ச்சித் தலைவரும், கிழவி அசைந்திருப்பாள், அதில் விழுந்த கறை என்கிறாராம்.

"பாட்டி, உள்ள லேசா அசைஞ்சியா? நல்லா யோசிச்சுச் சொல்லேன்" என்று நீ கேட்டாய். ஆமாம் என்று சொல்லிவிடேன் என்று உன் குரல் கெஞ்சியது எனக்குத் தெரியாதா?

நான் அசையவில்லையடி. மூச்சை அடக்கச் சொன்னபோதெல்லாம் உன் அத்தையை நினைத்துக்கொண்டேன். உன் தாத்தாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போன அன்று, தன் புதுச் செருப்பைக் காணோம் என்று அழுதாளே, அவளைத்தான். அதை நினைத்தால் கோபத்தில் எனக்கு இமைகூட ஆடாது.

அதனால் அந்தப் படத்தைத் தூக்கிப் போடாதே. பழைய மெஷினின் கண்ணுக்குத் தப்புவதைப் பிடிக்கத்தானே இத்தனை வருஷம் தூக்கம் கெட்டாய்? பிடித்த பிறகு கையை உதறினால் எப்படி? உங்கள் தலைவரிடம், பாட்டி கல்லு மாதிரி கிடந்தாளாம் என்று தைரியமாகச் சொல்.

சிரித்த டாக்டரிடமே சண்டை போட்டு, குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்க்கச் சம்மதிக்க வைத்துவிட்டேன். வியாழக்கிழமை. நீ வந்துவிடு. உன் அம்மாவைத் தேற்ற எனக்குத் தெம்பில்லை.

உன் உழைப்பு வீண் போகக் கூடாது, உன் கருவி சொன்னது மெய்யாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். உன் அம்மா பொய்யாகட்டும் என்று வேண்டுகிறாள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீயும் கோபப்படாதே.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பாட்டி