பாபிலோனுக்கு நாலாம் இடம்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றைக்கு எட்டுப் பல்செட்டுகள். மெழுகு உருக்கி உருக்கி விரலெல்லாம் காந்துகிறது. லேபிலிருந்து நேராக அண்ணனைப் பார்க்கப் போனால், "வா, உன் கை வேணும்" என்கிறான். எதற்கென்று கேட்டால் விளையாட! நாற்பத்தாறு வயசு மனுஷன்.

சரித்திர விளையாட்டு அது. ஒரு நாகரிகத்தை எடுத்துக்கொண்டு ஒற்றை ஊரில் ஆரம்பித்து, ஊர் ஊராகக் கட்டி, சண்டை போட்டு, சுற்றுச் சுற்றாக நகர்த்த வேண்டும். விளையாட்டோடு சும்மா வருகிற நாகரிகங்களை அவன் மதிப்பதே இல்லை. தனியாக டவுன்லோட் பண்ணுகிறவை ஏழு இருக்கின்றனவாம். அதில் எது பலசாலி என்று ஆடிப் பார்த்து, வரிசைப்படுத்தி, இந்தப் பைத்தியங்கள் கூடுகிற இணையப் பக்கத்தில் போட வேண்டும். நாலு முடித்துவிட்டான். அதற்குள் கை போய்விட்டது. நரம்பு நோய். போன வருஷம் கால், இந்த வருஷம் கை. அடுத்தது பேச்சு, இரண்டு மூன்று மாதம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த மூன்று மாதத்தில் மனுஷன் செய்ய நினைக்கிற காரியத்தைப் பார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

காலையிலிருந்து பாடம். எல்லா நாகரிகத்துக்கும் ஒரே வரைபடம். லெவல் ஏற ஏற எதிரி பலசாலி; மொத்தம் எட்டில் நாங்கள் ஆடுவது ஏழாவது. நூற்றைம்பதாவது சுற்றில் என்ன புள்ளியோ அதுதான் கணக்கு. நடுவில் சேமித்து வைத்த பழைய சேவுக்குத் திரும்பிப் போகக் கூடாது.

தப்பாக க்ளிக் பண்ணிவிட்டால்?

"தப்புதான். அதோட போ."

இருபது வருஷம் கடை கடையாகப் போய்த் தராசு சரிபார்த்த இன்ஸ்பெக்டர். வேறெப்படிப் பேசுவான்? இணையத்திலும் அவன் பெயர் 'தராசு'தான்.

இதுவரை பொலினீசியா முதலிடம். மற்றவர்கள் கரையில் நின்று முழிக்கும்போது அவர்கள் முதல் சுற்றிலேயே கடலில் இறங்கிவிடுகிறார்கள். இரண்டாவது நூபியா, வில்லாளிகள் மலிவு. மூன்றாவது மாயா, மெதுவாக ஆரம்பித்தாலும் பின்னால் பிய்த்து உதறுகிறது. நாலாவது எத்தியோப்பியா: கோட்டையை விட்டுக்கொடுக்காது, ஆனால் வளரவும் வளராது. பாக்கி மங்கோலியர், பாபிலோன், இன்கா. 'மொட்டைமாடி' என்ற பெயரில் ஒருத்தன் அங்கே பொலினீசியாவைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறான். அவன் வாயை மங்கோலியரை வைத்து அடைக்க வேண்டும் என்பது அண்ணனுடைய பத்து வருஷ ஆசை.

பிப்ரவரி 15, ஞாயிறு

நாசமாய்ப் போச்சு.

மங்கோலியர் ஆட்டம், அறுபதாவது சுற்று. தளபதியையும் ஐந்து குதிரைப் படையையும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்து என்றான். ஒரு கட்டம் தள்ளிக் க்ளிக் பண்ணிவிட்டேன். சதுப்பு நிலம். மொத்தமும் சிக்கிக்கொண்டது. அடுத்த சுற்றிலேயே எதிரி வழித்து எடுத்துவிட்டான். பல்லில் அரை மில்லிமீட்டர் பிசகாத கை இது!

திரும்பப் போகலாம் அண்ணா, சேவ் இருக்கிறது என்று கெஞ்சினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதை மட்டும்தான் திருப்ப முடிகிறது.

பிப்ரவரி 22, ஞாயிறு

எண்பத்தெட்டாவது சுற்றில் தலைநகரம் போனது. மங்கோலியர் கடைசி. அவன் செல்லப்பிள்ளை, என் ஒரு விரலால் கடைசி. தங்கையின் கைத்தவறு என்று பட்டியலில் குறித்துவிடலாமே என்றேன்.

"கை யாரோடதுன்னுல்லாம் பட்டியல்ல வராதுடி."

பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரி எழுந்து வேறு இடம் போய்விட்டாள்.

மார்ச் 1, ஞாயிறு

அண்ணி அவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நான் பாபிலோனைத் திறந்து தயார் பண்ணினேன். லெவலை ஆறாக்கிவிட்டேன். ஒரே ஒரு படி. யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

மார்ச் 15, ஞாயிறு

பாபிலோன் பறந்தது. அறிவு இரட்டை வேகம். மற்றவர்கள் ஈட்டியோடு நிற்கும்போது நம்மிடம் பீரங்கி. நூற்றைம்பதாவது சுற்றில் பொலினீசியாவைவிட இருநூறு புள்ளி கூட! அண்ணன் சிரித்த சிரிப்பில் புரையேறி, அண்ணி ஓடி வந்தாள். அப்புறம் இரண்டு கிண்ணம் சூப் குடித்தான். ஒரு மாதமாக அரைக் கிண்ணம்தான் இறங்கியது.

அவன் சொல்லச் சொல்ல நான் தட்டி இணையப் பக்கத்தில் போட்டேன். பாதி வார்த்தை குழறுகிறது, இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கிறது. சாயங்காலம் மொட்டைமாடியே பெரிய கும்பிடு போட்டுவிட்டான்: தராசு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று.

அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னான் அண்ணன். படித்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டான்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எடுத்த குறிப்புகளை வரிசையாகப் படிக்கச் சொன்னான். முட்டாள், நானும் படித்தேன். மற்ற ஐந்து ஆட்டத்திலும் பக்கத்து ராஜாவுக்குப் பன்னிரண்டாவது சுற்றில் மூன்று ஊர். பாபிலோனில் ஒன்று. செட்டிங்கைத் திறந்து காட்டச் சொன்னான்.

"நீயா?"

"ஒரு படிதான அண்ணா..."

மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கிச் சொன்னான். "இருபது வருஷம் தராசுல கை வச்சவங்களப் பிடிச்சேன். எல்லாரும் இதையேதான் சொல்வாங்க. கொஞ்சம்தான சார்னு."

ஏப்ரல் 2, வியாழன்

ஒன்பது நாளாக ஒரு வார்த்தை இல்லை. கோபத்தில் பேசவில்லையா, பேச முடியவில்லையா? அண்ணியிடம் கேட்டேன். "ரெண்டும்தான்" என்றாள், துணி மடித்துக்கொண்டே.

அப்படியென்றால் அவன் வாயிலிருந்து எனக்கு வந்த கடைசிப் பேச்சு அதுதானா?

ஏப்ரல் 12, ஞாயிறு

நடந்ததை உள்ளபடி இணையப் பக்கத்தில் எழுதிவிட்டேன். லெவலைக் குறைத்தது தங்கை, அவனுக்குத் தெரியாது என்று. எவன் நம்புகிறான்? பட்டியல் முழுக்கவே குப்பை என்கிறார்கள். 'கள்ளத் தராசு' என்று ஒருத்தன். அதற்கு நாற்பது பேர் சிரித்திருக்கிறார்கள். மொட்டைமாடி வாயே திறக்கவில்லை.

எல்லாவற்றையும் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். மறைப்பதற்கு இனி எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இப்போது கண்தான் பேச்சு. ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை.

பாபிலோனை மறுபடி ஆடட்டுமா, ஏழாவது லெவலில் என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் என்னையே பார்த்தான். அப்புறம் ஒரு தடவை மூடினான்.

ஏப்ரல் 19, ஞாயிறு

முப்பத்தோராவது சுற்று. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கேட்கிறேன். இங்கேயா? இல்லை. அங்கேயா? ஆமாம். ஒரு மணி நேரத்துக்கு ஆறு சுற்று. இந்த லெவலில் பாபிலோன் அறிவை வைத்துக்கொண்டு நோஞ்சானாக நிற்கிறது, சுவர் கட்டவே நேரம் சரியாக இருக்கிறது. ஆறுக்கும் ஏழுக்கும் ஒரு படிதானாம். யார் சொன்னது? நான்தான் சொன்னேன்.

மே 3, ஞாயிறு

அறுபத்து நான்கு. கண்ணை மூடுகிறான், திறக்க நேரமாகிறது. ஆமாமா, தூக்கமா? தெரியவில்லை. காத்திருக்கிறேன்.

மே 9, சனி

ஆடவில்லை. மூச்சு வாங்குகிறது.

மே 31, ஞாயிறு

காரியம் எல்லாம் முடிந்தது. கட்டிலையும் சக்கர நாற்காலியையும் திருப்பிக் கொடுத்தாயிற்று, கம்ப்யூட்டரை நீயே கொண்டுபோ என்றாள் அண்ணி. என் சாப்பாட்டு மேஜையில் வைத்திருக்கிறேன். காலை எட்டு மணிக்கு அறுபத்து நான்காவது சுற்றிலிருந்து ஆரம்பித்தேன். பழக்கதோஷம், 'இங்கேயா?' என்று இரண்டு தடவை வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

நூற்று முப்பத்தோராவது சுற்றில், ஜெயிக்கிற நேரத்தில், படையைக் கொண்டுபோய்த் தப்பான கட்டத்தில் விட்டேன். அதே கை, அதே மாதிரி ஒரு கட்டம். நாலு ஊர் போகும் என்று தெரிந்தது. சேவ் இருந்தது. பார்ப்பதற்கு ஒருத்தரும் இல்லை. மௌஸ் அதன் மேல் போய் நின்றது, ரொம்ப நேரம் நின்றது.

அதோடு போனேன். நாலு ஊரும் போயின.

பட்டியலில் எழுதிவிட்டேன்: லெவல் ஏழு. சுற்று நூற்றைம்பது. பாபிலோனுக்கு நாலாம் இடம். இன்கா ஆடவில்லை.