காந்தன் சுவரைத் திறப்பதற்கு முன்

மலர்,

பத்து மணிக்கு உன் பள்ளித் தோழன் காந்தன் வயரிங் வேலைக்கு வருவான். கேட் சாவி அரிசி டப்பா மேல் இருக்கிறது. முதலில் மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்.

வெயில் சூட்டைத் தடுக்கப் படுக்கையறைச் சுவருக்குள் வெள்ளைத் தெர்மோகோல் மெத்து வேண்டாம், சீக்கிரம் தீப்பிடிக்கும். தீப்பிடிக்காத ராக்வூல் கல்பஞ்சு வைக்கட்டும். ஆனால் வயரை அதற்குள் புதைக்கக் கூடாது. சூடேறி உறை உருகிவிடும். இதெல்லாம் எனக்கும் தெரியும். பத்து பெரண்டாம் ஊர் பேக்டரியில் பதினோரு வருஷமாக மிஷின் வயரிங் பார்க்கிறேன். "காந்தன்கிட்டதான் லைசென்ஸ் இருக்கு லா, நீங்க சும்மா இருங்க" என்று நேற்று சொன்னாயே, அதை மறக்கவில்லை. அவனுக்குப் போன் செய்தபோது நீ சிரித்த சிரிப்பையும்தான்.

உம்பாய் ஊர்க் கடையில் வாங்கிய மீன் கறி எனக்கு. அவனுக்குப் பால் ஊற்றாத டீ, ஒரு தே ஓ போதும்.

உன் புருஷன் தனபாலன்

பி.கு: விடியற்காலையில் நானே டெஸ்டர் வைத்து எல்லா வயரையும் பார்த்துவிட்டேன். குளியலறை ஹீட்டர் வயர் ஒன்றுதான் மோசம், உறை வெடித்திருக்கிறது. சுவிட்ச் மேல் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். அவன் மாற்றும்வரை தொடாதே, பச்சைத் தண்ணீரில் குளி.

இன்னொன்று. போன வருஷம் நான் டேப் சுற்றி ஒட்டுப்போட்ட இடம் அதுதான். கேட்டால், முன்பு குடியிருந்தவர் செய்தது என்று சொல்லிவிடு. எப்படியும் கண்டுபிடித்துச் சிரிப்பான். நீயும் கூடச் சேர்ந்து சிரிக்காதே.